ஊவா மலைச்சரிவுகளில் கடமைப் பயணியும் காணப்படும் விலங்குகளும்: ஒரு முன்னாய்வு

1. வரையறை

வேலை நிமித்தம் வெளிநாடு வந்து, வேலை முடிந்ததும் (சில சமயம் முடியுமுன்னரே) மலையேறி விலங்கு பார்ப்பவர் இக்கட்டுரையில் 'கடமைப் பயணி' எனப்படுவார். தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பூட்ட வந்தவர், கணக்குப் பார்க்க வந்தவர், பயிற்சி வகுப்பு நடத்த வந்தவர் அனைவரும் இதில் அடங்குவர். விடுமுறைக்கு வந்தவர் அடங்கார். அவர் சொந்தக் காசில் பார்க்கிறார். ஆய்வுக்குத் தேவையான குற்றவுணர்வு அவரிடம் இல்லை. களம்: பதுளை, பசறை, நமுனுகுல, எல்ல, பண்டாரவளை, அப்புத்தளைத் தோட்டங்கள்.

2. முன்னோர்

இலங்கை விலங்கியலில் பெரும்பகுதி கடமைப் பயணிகளின் ஓய்வுநேரத்தில் விளைந்தது. 1880இல் நிறைவுற்ற பறவை நூலை எழுதிய வின்சென்ட் லெக், பீரங்கிப் படை அதிகாரி. 1935இல் பாலூட்டிகளுக்குக் கையேடு தந்த டபிள்யூ. டபிள்யூ. ஏ. பிலிப்ஸ், தோட்டத்துரை. 1859இல் இலங்கையைப் பற்றி இரண்டு தொகுதி எழுதிய எமர்சன் டெனன்ட், குடியேற்றநாட்டுச் செயலாளர். சம்பளம் வாங்கிய வேலையை இவர்கள் எப்போது பார்த்தார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது. அதற்கு நிதி கேட்டால் கிடைக்காது.

களப்பணியில் முதலிடம் பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் தோமஸ் ரோஜர்ஸுக்கே. பார்த்த யானையைத் துப்பாக்கியால் உறுதிசெய்யும் முறையைக் கையாண்டவர். அவர் கொன்றவை 1,400க்கு மேல் என்கிறார் டெனன்ட். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். நுவரெலியாவில் உள்ள அவருடைய கல்லறையிலும் இடி விழுந்ததாக ஊரில் சொல்கிறார்கள். ஒரே ஆய்வுக்கு வானத்திலிருந்து இரண்டு மறுப்புரை வந்தது வேறெங்கும் பதிவாகவில்லை.

3. வகைப்பாடு

யானை: மேஜர் ரோஜர்ஸ் காண்க.

மலையணில்: வால் தெரிந்தது.

மஞ்சள்காதுச் சின்னான்: இலங்கைக்கே உரிய பறவை. அப்புத்தளை அடிஷாம் மாளிகையை ஒட்டிய தங்கமலைக் காட்டில் காணலாம். பயணியின் புகைப்படத்தில் இலை இருக்கிறது.

குரங்கு: பயணியை நெடுநேரம் கூர்ந்து நோக்கியது (குரங்கு, 'கொய்யா மரத்திலிருந்து சில கல்விமான்கள்', வாய்மொழி விரிவுரை, மூன்றாம் கிளை, எறியப்பட்ட காய், பின்னிணைப்பு ஆ).

காட்டுப்பன்றி: நேரில் காணப்படவில்லை, படைப்புகள் மட்டும் கிடைத்தன (காட்டுப்பன்றி, 'லயத்துப் பின்புற மரவள்ளிப் பாத்தி: அகழாய்வு அறிக்கை', தொகுதி 1 முதல் கிழங்கு தீரும்வரை, பதிப்பாசிரியர்: அதன் குட்டிகள்).

4. அட்டை

இதற்குத் தனி அதிகாரம் வேண்டும். தாமஸ் லிப்டன் தம் தோட்டங்களை நோட்டமிட்டதாகச் சொல்லப்படும் 'லிப்டன் சீட்'டுக்குத் தம்பேத்தன்னத் தொழிற்சாலையிலிருந்து தேயிலை ஊடே ஏறும் பயணி, கழுத்தில் தொங்கும் தொலைநோக்கியால் தூரத்துச் சரிவில் சிறுத்தை தேடுகிறார். அந்நேரத்தில் அவர் காலடியில் ஓர் ஆய்வு நடந்து முடிகிறது. பயணிக்குக் கண் இரண்டு, அட்டைக்குப் பத்து. அவற்றால் உருவம் தெரியாது, வெளிச்சமும் நிழலும்தான் தெரியும். ஆனாலும் நில அதிர்வையும் உடற்சூட்டையும் மூச்சையும் வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறது. ஆகவே மலைநடையில் காண்பவர் யார், காணப்படுபவர் யார் என்ற வினாவுக்கு விடை காலுறையைக் கழற்றும்போது கிடைக்கிறது (அட்டை, இடது கணுக்கால் பதிப்பு, திருத்திய மறுபதிப்பு, வலது கணுக்கால், சிறப்பு மலர், எழுத்தில் தர இயலாத இடம்).

தாடை மூன்று. வெட்டு வலிப்பதில்லை. இரத்தம் உறையாதபடி ஒரு பொருளைச் செலுத்துவதால், அட்டை போன பின்னும் காயம் கசிந்துகொண்டே இருக்கும். வயிறு நிறைந்ததும் தானே கழன்று விழுந்து ஓரமாய்க் கிடக்கும். மதிய உணவுக்குப் பிந்தைய மாநாட்டு அமர்வுகளிலும் இந்நடத்தை காணப்படுகிறது. அன்றைய கோப்பித் தோட்டத்துரைகள் நெருக்கமாக நெய்த அட்டைக் காலுறை அணிந்தார்கள், உள்ளூரார் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் பூசினார்கள் என்று டெனன்ட் எழுதுகிறார். இன்று கட்சிகள் மூன்று: உப்பு, சவர்க்காரம், நகம். ஒரு கட்சியின் நூலை மற்றொன்று மேற்கோள் காட்டுவதில்லை. நகக் கட்சிக்கு நூலே இல்லாததால் பல்கலைக்கழகங்கள் அதை ஏற்கவில்லை. மலையில் எல்லோரும் பின்பற்றுவது அதைத்தான்.

5. சிறுத்தை

"இப்பத்தான் போச்சுங்க சேர்." இதன் உட்பிரிவுகள்: நேத்துப் போனது, விடியக்காலம் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) வரும்போது போனது, உங்க சத்தத்துல போனது. மூன்றாம் வகையே எண்ணிக்கையில் அதிகம்.

6. ஓர் ஆட்சேபம்

மேற்கண்ட வரையறையைக் கறாராகப் பொருத்தினால் ஒரு சிக்கல் எழுகிறது. இம்மலைகளுக்கு வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்து, காட்டுவழி நடந்து, எல்லா விலங்கையும் பார்த்தவர்கள் முதலில் தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளரே. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டில் நடந்தார்கள். அவ்வருகையின் 200 ஆண்டை நினைத்து, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணமும் நடந்தது. அந்த முதல் நடையில் யானையும் சிறுத்தையும் எதிர்ப்பட்டபோது எவர் கையிலும் குறிப்பேடு இல்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களுடைய சந்ததியில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அந்த ஆண்டும் மஞ்சள்காதுச் சின்னான் இலங்கைக்கே உரிய இனமாகத்தான் இருந்தது. எவரும் அதனிடம் பத்திரம் கேட்கவில்லை.

குளவி விஷயமும் இப்படித்தான். தேயிலைச் செடிக்குள் கூடு இருப்பது, இடுப்பில் படங்கு கட்டிக் கொழுந்து கிள்ளும் பெண்ணின் கை பட்ட பிறகே தெரியும். கூட்டமாகக் கொட்டும், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக நேரும், உயிரும் போயிருக்கிறது. பத்திரிகை அதைச் சிறு செய்தியாகப் போடுகிறது. கடமைப் பயணியை ஒன்று கொட்டினால் அது அவதானிப்பு.

கொழுந்து கிள்ளுவோரை இணை ஆசிரியர்களாகச் சேர்க்கலாமா என்று இக்கட்டுரையின் மதிப்புரையாளரிடம் கேட்கப்பட்டது. களத்தில் தொடர்ந்து இருந்ததற்குச் சான்றும் முந்தைய வெளியீடுகளின் பட்டியலும் அனுப்பச் சொன்னார். தோட்டத்தில் தினமும் பேர் பதியும் செக்ரோல் பிரதிகள், மூன்று தலைமுறைக்குரியவை, அனுப்பப்பட்டன. பக்கவரம்பை மீறுவதாகத் திரும்பி வந்துவிட்டன.