பைத்தான் நமக்கு ஆகாது

பைத்தான் பார்வையற்றவர்களுக்கு ஆகாத மொழி என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். கேட்காதவர்களிடமும்தான். வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளியை வைத்தே எது எதற்குள் அடங்கும் என்று தீர்மானிக்கும் மொழி அது. இடைவெளி காதில் விழுமா?

விழுமாம். நான் பயன்படுத்தும் என்விடிஏ ஸ்க்ரீன் ரீடரில் அதற்கொரு வசதி உண்டு. நாமாக அமைப்புகளுக்குள் போய் இயக்க வேண்டும், நான் போனதில்லை. இயக்கினால் எத்தனை ஸ்பேஸ் என்று சொல்லும், அல்லது பீப் ஒலியெழுப்பும். வரியை உள்ளே தள்ளத் தள்ள ஸ்தாயி ஏறும்.

இதைச் சொன்னவன் என்னிடம் வேலை பழக வந்த பையன். அவனுக்கும் பார்வை கிடையாது. “அண்ணா, என்விடிஏவையே பைத்தான்லதான் எழுதியிருக்காங்க” என்றும் சொன்னான். 2006-இல் அதைத் தொடங்கிய ஆஸ்திரேலியர் மைக்கேல் கரனும் பார்வையற்றவர். பைத்தானைத் திட்டி நான் தட்டியதையெல்லாம் எனக்கு வாசித்துக் காட்டியதே பைத்தான்தான். “தெரியும்” என்றேன்.

எனக்குக் கருவி என்றால் கௌரவமாக இருக்க வேண்டும். புனேயில் வளர்ந்து, 14 வயதில் பார்வை இழந்த டி. வி. ராமன் 1995-இல் ஈமாக்ஸ்பீக்கை வெளியிட்டார். திரையில் இருப்பதை ஒப்பிப்பதோடு நிற்காமல், நிரலின் பொருளறிந்து குரலை மாற்றிப் பேசும் கருவி. கமென்ட்டுக்கு ஒரு குரல், கட்டளைச் சொல்லுக்கு வேறு குரல். அவருக்கு அதுவென்றால் எனக்கும் அதுவே என்று, அது ஓடும் லினக்ஸை நிறுவினேன். கணினி ஊமையாகிவிட்டது. அம்மாவைக் கூப்பிட்டுத் திரையைப் பார்க்கச் சொன்னேன். “கறுப்பா இருக்குடா. ஏதோ ஓடுது” என்றாள். பெரிய உதவி.

விஎஸ் கோட் எடிட்டரை ஊரே பயன்படுத்துகிறது என்பதற்காகவே ஒதுக்கி வைத்திருந்தேன். கடைசியில் அதில்தான் வந்து விழுந்தேன். எஃப்8 தட்டினால் அடுத்த பிழைக்குக் கூட்டிப்போய் என்ன பிழையென்றும் சொல்கிறது. வம்பு கன்ட்ரோல்-எம்மில் இருந்தது. அதைத் தட்டினால், டேப் விசை இடைவெளி விடாமல் எடிட்டரை விட்டு வெளியே தாவும். அப்படி மாறியதை வாயால் அறிவிக்கவும் செய்யும். நானோ பந்தாவுக்காகக் குரலின் வேகத்தை எனக்கே புரியாத அளவுக்கு ஏற்றி வைத்திருந்தேன். டேப் தட்டினால் கர்சர் எங்கோ ஓடியது. விசைப்பலகை போய்விட்டதென்று புதிது வாங்கினேன். அதிலும் ஓடியது.

பழையதைப் பையனிடம், “ரிப்பேர், உதிரிக்கு வச்சுக்கோ” என்று கொடுத்துவிட்டேன். அவன் இப்போது அதில்தான் பைத்தான் எழுதுகிறான். ஒரு குறையும் இல்லையாம்.