மூலைப் பச்சை

அவர் வீட்டுக்குப் போனால் காபிக்கு முன்னால் டார்ச் லைட் வந்துவிடும். ஹாலில் மூன்றடித் தொட்டி. உள்ளே ஆறு ஏஞ்சல் மீன்கள் ஊர்வலம் போகும் அழகைப் பார்த்து நாம் வாய் திறப்பதற்குள், "அதை விடுங்க சார், இங்க பாருங்க" என்று மூலையில் வெளிச்சம் அடிப்பார். கண்ணாடியும் கண்ணாடியும் சேரும் இடத்தில், சிலிக்கான் பசை மேல், கரும்பச்சையில் ஒரு கோடு. "தெரியுதா?" தெரிகிறது என்று சொல்லும்வரை காபி வராது.

உங்கள் தெருவிலும் இவர் இருப்பார். புதுக் காரில் கீறல் தேடுகிறவர், கல்யாணப் பந்தியில் இலைக் கிழிசல் தேடுகிறவர் எல்லாம் இவருக்குப் பங்காளிகள்.

அந்தப் பச்சையைப் போக்க முதலில் கொளத்தூர் வண்ணமீன் கடையில் 'டேங்க் கிளீனர்' மீன் ஒன்று வாங்கினார். விரல் நீளம் இருந்தது, ஒரு வருஷத்தில் முழங்கை நீளம். வெள்ளரித் துண்டுக்கு வாய் திறக்குமே தவிர, மூலைப் பக்கம் திரும்பியதில்லை. (வளர்ந்தபின் ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே பெருகிக் கிடக்கிறது.)

பிறகு பிளீச்சிங் திரவம். குளிக்கிற பக்கெட்டுக்கு மீன்கள் குடிபோக, வீட்டில் அன்று யாருக்கும் குளியல் இல்லை. காலித் தொட்டியில் இருபது பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு. "கூடவே கொஞ்சம் வினிகர் விட்டா?" என்று பாட்டிலைத் திறந்தவரின் கையைப் பிடித்தவன் பிளஸ் டூ படிக்கும் மகன். "அப்பா, குளோரின் வாயு வரும்பா!" கெமிஸ்ட்ரி டியூஷன் ஃபீஸ் அன்றைக்கே வசூலாகிவிட்டது. கறை வெளுத்தது, பலமுறை அலசி, மிச்சக் குளோரினுக்கு ஹைப்போ போட்டு மீன்களும் வீடு திரும்பின. மூன்றே வாரம். மறுபடி பச்சை.

கண்ணாடிப் பாசி பிளேடால் இழுத்தால் போய்விடும். சிலிக்கானோ ரப்பர் மாதிரி மெத்தென்றிருக்கும். அதன் சொரசொரப்பிலும், ஓரம் லேசாகப் பிரிந்த இடுக்கிலும் பாசி உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். தேய்க்கிற பிரஷ் அங்கே எட்டாது. இதை எனக்கே விளக்கிச் சொன்னவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுமையிழந்து அங்கேயும் பிளேடைப் போட்டார். கறை இருந்தது, பசை போயிற்று. திங்கள் விடியற்காலையில் கீழ்வீட்டு அம்மா ஈரத் தலையணையோடு படியேறி வந்தார்.

பழைய பசைமேல் புதுப் பசை ஒழுங்காக ஒட்டாது. எனவே உள்பக்கம் முழுதும் சுரண்டி, புதிதாகப் பூசினார். பாத்ரூம் சிலிக்கானில் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கும், மீனுக்கு ஆகாது என்று விசாரித்து மீன்தொட்டிக்கென்றே விற்பதை வாங்கினார். காயும்வரை வினிகர் வாடை; வீடே ஊறுகாய் ஜாடி.

இரண்டே மாதம். டார்ச் மறுபடி வெளியே வந்தது.

பாசிக்குச் சோறு போடுவது வெளிச்சம். தொட்டி இருப்பது கிழக்கு ஜன்னலடியில். காலை முழுதும் வெயில், பிறகு ராத்திரி பதினொன்று வரை டியூப் லைட். "கொஞ்சம் தள்ளி வைக்கலாமே சார்" என்றேன்.

"ஈசான்ய மூலை சார். வாஸ்து."

போன மாதம் அவர் மனைவி, யாரிடமும் கேட்காமல், அந்த மூலையில் ஒரு பிளாஸ்டிக் செடியை நட்டுவிட்டார். கறை அடியோடு மறைந்துவிட்டது. வருகிறவர்களுக்குச் செடியை விலக்கிக் காட்ட, நம்மவர் டார்ச்சோடு இப்போது ஒரு குச்சியும் வைத்திருக்கிறார்.