பழவண்டி விளக்கம்

அறிவதற்கு அளவை வேண்டும் என்று விரித்துச் சொன்ன அருணந்தி சிவாசாரியார், பண்ருட்டிக்கு அடுத்த திருத்துறையூர்க்காரர். ‘உண்மை விளக்கம்’ செய்த மனவாசகம் கடந்தாரோ திருவதிகை. பண்ருட்டி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போய்விடலாம். மெய்கண்டாரின் திருவெண்ணெய்நல்லூரும் தூரமில்லை. இத்தனை தருக்க வல்லார் சூழ்ந்த ஊரில், ஒருவர் லட்சத்துக்கு மேல் எண்ணிக் கொடுத்து, யமஹா ஆர்எக்ஸ் 135-ஐ ஆர்எக்ஸ் 100 என்று ஓட்டிக்கொண்டு போகிறார். இதே ஊரில் முந்திரிப் பருப்பைக் கையில் அள்ளியதும் இது 240, இது 320 என்று ரகம் பிரித்துவிடுகிறார்கள். ஒரு பவுண்டுக்கு எத்தனை பருப்பு நிற்கும் என்பதுதான் அந்த எண். பருப்பில் ஏமாறாத கண் வண்டியில் ஏமாறுவது நூலின்மையால் நேர்ந்த குறை. அது நீங்க இந்நூல் எழுந்தது.

நுதலிய பொருள்: பழைய மோட்டார் சைக்கிளைப் பிரிக்குமுன் அது இன்ன மாடல் எனத் துணிதல். பயன்: புதுப்பேட்டையில் தவறான டாங்க் வாங்காதிருத்தல். (சென்னைப் புதுப்பேட்டை என்று கொள்க, நம் பக்கத்துப் புதுப்பேட்டை அன்று.) கேட்போர்: கையில் ஸ்பேனரும் வீட்டில் எதிர்ப்பும் உடையோர்.

அளவை பல என்பாருண்டு. எல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்பது அருணந்தியாரின் சித்தியார் முடிபு. அதுவே நமக்கும் முடிபு.

காண்டலில் முதலில் விலக்க வேண்டியவை இரண்டு. தார்ப்பாய்க்கு அடியில் தெரியும் சக்கரத்தைப் பார்த்து “புல்லட்டா, யெஸ்டியா?” என்று நிற்பது ஐயக்காட்சி. 135-ஐப் பார்த்து 100 என்று சத்தியம் செய்வது திரிவுக்காட்சி. பின்னதற்குத்தான் செலவு அதிகம்.

குற்றமற்ற காண்டல் நால்வகைப்படும். கண் முதலிய பொறிகளால் அறிவது வாயிற்காட்சி. கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் இருந்து, கியர் பெட்டியில் நியூட்ரலுக்கென்று தனியாக ஒரு குட்டி லீவர் நீட்டிக்கொண்டிருந்தால் அது பழைய புல்லட். ஹெட்லைட் மூடியின் இருபுறமும் கண்போல் இரு சிறு விளக்கு, மேலே ஆம்ப் மீட்டர். இவ்வளவையும் கண்ணாலேயே முடித்துவிடலாம். இரவு தலையணையில் படுத்தபடி அதே வண்டியை முழுக் குரோமியத்துடன் காண்பது மானதக் காட்சி. இது சான்றாகாது, ஆயினும் வண்டிகள் பெரும்பாலும் இதனால்தான் விற்பனையாகின்றன. இன்ப துன்பங்களைத் தானே உணர்வது தன்வேதனைக் காட்சி. டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை பொறுக்காமல் உதைத்தவனைப் புல்லட் கிக்கர் திருப்பி உதைக்கும். அந்தக் கெண்டைக்கால் வீக்கத்தைவிடத் தெளிவாக 346 சிசியை உணர்த்தும் கருவி வேறில்லை.

நான்காவது யோகக் காட்சி. அறுபது கடந்த மெக்கானிக்குகளுக்கு மட்டுமே வாய்க்கும். டீக்கடை பெஞ்சில் முதுகு காட்டி உட்கார்ந்தபடி, தெருமுனையில் வரும் சத்தத்தைக் கேட்டே மாடலையும் டேப்பட் லூசையும் சொல்லிவிடுவார்கள். முக்காலமும் உணர்ந்த அவர்கள், பில் எவ்வளவு வரும் என்பதை மட்டும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

இனி, கருதல். புகையால் நெருப்பை அறிவது பழைய எடுத்துக்காட்டு. நம் நூலில் புகை ஈரிடத்தது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் நீலப்புகை வந்தால் ரிங்கு தேய்ந்தது என்க. டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலும் சேர்ந்து எரிவதால் புகை அதன் இயல்பு. ஆர்எக்ஸில் புகையே இல்லையென்றால்தான் ஆயில் பம்ப்பைப் பார்க்க வேண்டும்.

கருதலைச் சார்ந்தது அபாவம்: இல்லாமையைக் கொண்டு அறிவது. கியர் லீவர் என்று தனியே ஒன்று இல்லை. இடப்புறக் கிக்கரையே உள்ளே தள்ளி முன்னால் மடக்கினால் அதுவே கியர். பிஸ்டன் ஒன்று, சைலன்சர் இரண்டு. இவை கூடியிருந்தால் மைசூர் ஐடியல் ஜாவா என்பதில் ஐயமில்லை. 1961-இல் உற்பத்தி தொடங்கிய அந்த ஆலை 1996-இல் மூடியது. ஜாவா என்ற பெயர் 1970-களில் யெஸ்டி ஆயிற்று. குடியை அறிவது எளிது, கிளையை அறிவதே வம்பு. 1978-இல் வந்த ரோட்கிங்கின் டாங்க்கைச் சுமந்து திரியும் பழைய யெஸ்டிகள் எத்தனையோ.

கருதலில் தலையாயது வெர்னியர் அளவு. ஆர்எக்ஸ் 100-க்கு போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக் 50. அதனால் 98 சிசி. 135-க்கு ஸ்ட்ரோக் அதே 50, போர் மட்டும் 58. அதனால் 132 சிசி. ரீபோர் பண்ணிப் பண்ணி 50 வளர்ந்து 58 ஆகிவிட்டது என்று விற்பவர் சொன்னால், ஓவர்சைஸ் பிஸ்டன் கால் கால் மில்லிமீட்டராகத்தான் ஏறும் என்று பணிவாக நினைவூட்டுக. ஹெட்டைக் கழற்ற அவர் சம்மதிக்கவில்லையென்றால் அதையும் ஒரு கருதலாகக் கொள்க.

உரை என்பது ஆப்தர் வாக்கு. “நெய்வேலி என்ஜினியரு வெச்சிருந்த வண்டிண்ணே, ஒரே கை” என்பது ஆப்த வாக்கு அன்று. ஆர்சி புத்தகம் ஓரளவு ஆப்தம். அதில் மாவட்டம் தென்னாற்காடு என்றிருந்தால் அந்தப் பக்கம் 1993 செப்டம்பர் 30-க்கு முந்தியது. அன்றுதான் கடலூர் வேறு, விழுப்புரம் வேறாயின. பலகையில் மூன்று ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டுமே என்றால் பழைய தொடர். டிஎன் 31 என்னும் முறை, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபின் எழுந்தது. ஆகவே டிஎன் 31 பலகை மாட்டிய வண்டியை “78 மாடல்” என்பாரிடம் நடுவில் நடந்ததைக் கேட்க வேண்டும். மிலிட்டரி ஏலத்தில் எடுத்ததாக இருக்கலாம். அப்படியானால் பிறந்த ஆண்டு வேறு, பதிவான ஆண்டு வேறு. அந்த விடை ஆர்சியில் இருக்க வேண்டும், புரோக்கர் வாயில் அன்று.

இனி, பரபக்கம்: பிறர் கொள்கையை மறுத்தல்.

ஸ்டிக்கர்வாதி டாங்க்கில் எழுதியதே மாடல் என்பான். 1980-களில் திருவொற்றியூரிலிருந்து வந்த வண்டி வெறும் என்ஃபீல்டுதான். 1994-இல் ஐஷர் கைக்குப் போன பிறகே ராயல் பட்டம் மீண்டது. அந்தக் காலத்து டாங்க்கில் ராயல் மின்னினால் அது இடைச்செருகல். மெய்யான ஸ்டிக்கரும் மயக்கும்: ராஜ்தூத் 350-இன் டாங்க்கில் ராஜ்தூத், உள்ளே இரட்டை சிலிண்டர் யமஹா ஆர்டி.

சத்தவாதிக்கு மறுப்பு ஒரு வரி: சைலன்சர் கழற்றத்தக்கது.

ஆர்சிவாதியை மறுப்பது கடினம். ஆர்சியில் எரிபொருள் டீசல் என்றிருக்கிறது, வண்டியோ பெட்ரோல் மணக்கிறது. டாரஸ் என்னும் 325 சிசி டீசல் புல்லட் சேஸில் யாரோ பெட்ரோல் என்ஜினை ஏற்றியிருக்கிறார்கள். ஆர்சியும் பொய் சொல்லவில்லை, மூக்கும் பொய் சொல்லவில்லை. என்ஜின் மாற்றத்தை 52-ஆம் பிரிவின்படி ஆர்சியில் ஏற்றாமல் விட்டவர்தான் குற்றவாளி. அவர் மூன்று கைக்கு முந்தியவர்.

எஞ்சியவன் ஏகான்மவாதி. “எல்லாம் ஒண்ணுதான் சார், செட் ஆயிடும்” என்பது அவன் மகாவாக்கியம். பேதமே இல்லை என்பவனிடம் சுத்தியல் இருப்பதால் வாதம் செய்யாமல் வண்டியை மீட்டுக்கொண்டு வருக.

இனி, சுபக்கம்: நம் கொள்கை. பதி சேஸ், பசு என்ஜின், மற்றதெல்லாம் பாசம். துரு ஆணவ மலம். கழற்ற எவ்வளவு கடினமோ அவ்வளவு சாட்சிவலிமை என்பதே இந்நூலின் ஒரே விதி. ஸ்டிக்கர் நகத்துக்கு வரும், டாங்க் ஒரு போல்ட்டுக்கு வரும், ஃபோர்க் ஒரு மதியத்துக்கு வரும். ஹேண்டில்பார் கழுத்தில் குத்திய எண் எதற்கும் வராது. ஆர்எக்ஸ் 100-க்கு அது 1எல்1 என்று தொடங்கும். திருவதிகைக் கோயில் கல்வெட்டைப் படியெடுப்பதுபோல, அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்க வேண்டும். பெயிண்ட் கடைக்கு அனுப்புமுன்பே எடுக்க வேண்டும். சாண்ட் பிளாஸ்டிங் எண்ணைத் தின்னும், பவுடர் கோட்டிங் மூடும். எண்கள் கோணலாகவோ, சுற்றியுள்ள இரும்பு கிரைண்டர் பட்டுப் பள்ளமாகவோ இருந்தால் அளவையியல் அங்கே முடிந்து குற்றவியல் தொடங்குகிறது. அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டுவிட்டு நடையைக் கட்டுக.

ஐம்பது வயது கடந்து, உருமாறாமல் நிற்கும் வண்டிக்கு 2021-ஆம் ஆண்டு விதிப்படி விஏ என்ற எழுத்துடன் விண்டேஜ் பதிவு உண்டு. கட்டணம் 20,000 ரூபாய். மாற்றான் என்ஜினைச் சுமக்கும் வண்டிக்கு அந்தப் பேறு கிட்டுவது அரிது. பிரேக் ஷூ பழசாக இருக்க வேண்டுமே என்று கவலைப்படுவோர்க்கு என் கருத்து: புதிது போடுங்கள். லைனிங்கில் முந்திரி ஓட்டு எண்ணெயிலிருந்து செய்த தூள் சேர்வதுண்டு. வண்டி எந்த ஊர்ப் பிறப்பானாலும் அந்த அளவில் நம்மூர்ச் சம்பந்தம்.

தடை: சேஸ் ஒன்று, என்ஜின் வேறு, ஃபோர்க் மூன்றாவது என்றால் அதை என்னவென்று அழைப்பது? விடை: ஆர்டிஓவில் சேஸின் பெயர். டீக்கடையில் எது விலை அதிகமோ அதன் பெயர். வீட்டில் அதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் வழங்குகிறது. அதை இங்கே எழுதுவது நூன்மரபு அன்று.