காடிஸ்: கடல் காக்கும் ஊர்

ஸ்பெயினின் 'காடிஸ்' நகரில் காடு உண்டா?

கடல்தான் உண்டு! ஒல்லியான நிலத்துண்டு ஒன்று பிடித்து நிறுத்தாவிட்டால் அது தீவு. பினீசிய வணிகர் வைத்த பெயர் 'காதிர்'. சுவர் சூழ்ந்த இடம் என்று பொருள். பழைய நூல்கள் கி.மு. 1104இல் பிறந்த ஊர் என்கின்றன. மண்ணைத் தோண்டியவர்கள் அதில் சில நூற்றாண்டுகளைக் குறைக்கிறார்கள். குறைத்தாலும் பாட்டிதான்!

காலடியில் இருப்பதை ஊரெல்லாம் தேடியவர் உண்டா?

காடிஸிலேயே உண்டு. 1887இல் ஆண் உருவம் செதுக்கிய பினீசியப் பளிங்குச் சவப்பெட்டி ஒன்று அங்கே கிடைத்தது. அருங்காட்சியக இயக்குநர் பெலாயோ கின்டெரோ, இதற்கு ஜோடி இருந்தே தீரும் என்று நம்பித் தேடினார். கிடைக்காமலே 1946இல் கண்மூடினார். 1980இல் அவர் வீடு இருந்த மனையைத் தோண்டினார்கள். சுருள்முடியும் கையில் வாசனைக் குப்பியுமாக ஒரு பெண் வெளியே வந்தாள்! இன்று இருவரும் ஒரே கூடத்தில். நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது.

அமெரிக்கப் பொன் வந்திறங்கிய துறைமுகமாமே, மிச்சம் என்ன?

கப்பல் வருகிறதா என்று பார்க்க வணிகர்கள் மாடியில் கட்டிய கோபுரங்கள், இன்றும் நூற்றுக்குமேல். அதைவிடப் பெரிய சொத்து ஒரு சட்டப் புத்தகம். நெப்போலியன் படை முற்றுகையிட்டிருக்கும்போதே, 1812 மார்ச் 19இல் அங்கே ஸ்பெயினின் அரசியல் சட்டம் அரங்கேறியது. அன்று சூசையப்பர் திருநாள். ஸ்பானியர்கள் சூசையைச் செல்லமாக 'பெப்பே' என்பார்கள்; அதனால் மக்கள் சட்டத்துக்கு இட்ட செல்லப்பெயர், அதன் பெண்பால்: 'லா பெப்பா'.