சிப்பியைத் திறக்காமல் முத்தைக் காண முடியுமா?

இந்த வாரக் கேள்விகள் அத்தனையும் தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்தவை. அத்தனையும் புராஸ்டேட் புற்றுநோயைப் பற்றியவை. ஆண்கள் வாய்திறக்கத் தயங்கும் விஷயத்தை எழுதியே கேட்டுவிட்ட எல்லோருக்கும் முதலில் நன்றி.

கேள்வி: பி.எஸ்.ஏ., பி.எஸ்.எம்.ஏ. இரண்டும் ஒன்றுதானா?
– வாசகர், முத்தையாபுரம்

பதில்: எழுத்து ஒன்றுதான் கூடுதல், வேலை முற்றிலும் வேறு. இரண்டுமே புரதங்கள். பி.எஸ்.ஏ. புராஸ்டேட் சுரப்பியிலிருந்து ரத்தத்தில் கசிவது. ரத்தப் பரிசோதனையில் அதன் அளவு தெரியும். 'ஏதோ நடக்கிறது' என்று சொல்லும். எங்கே என்று சொல்லாது. பி.எஸ்.எம்.ஏ. செல்லின் சவ்வில் பதிந்து நிற்பது. அதைத் தேடிப் போனால் நோய் இருக்கும் இடம் தெரியும். முன்னது தந்தி, பின்னது முகவரி.

கேள்வி: சி.டி. ஸ்கேன் ஏற்கெனவே எடுத்தாச்சு. இப்போது பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார் டாக்டர். இரண்டும் ஸ்கேன்தானே அண்ணாச்சி?
– விசைப்படகு உரிமையாளர், திரேஸ்புரம்

பதில்: சி.டி. உருவத்தைப் பார்க்கும். நிணநீர்க் கணு வீங்கியிருந்தால் சந்தேகப்படும். வீங்காத கணுவுக்குள் நோய் ஒளிந்திருந்தால் கோட்டைவிடும். பி.எஸ்.எம்.ஏ. ஸ்கேன் உருவத்தோடு நிற்காமல் ஆளையே அடையாளம் பார்க்கிறது. பெரும்பாலான புராஸ்டேட் புற்றுசெல்களில் இந்தப் புரதம் சாதாரண செல்லில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். அதில் போய் ஒட்டிக்கொள்ளும் மூலக்கூறு ஒன்றின் முதுகில் கதிரியக்கமுள்ள காலியம்-68 அணுவை ஏற்றி, கையில் ஊசியாகப் போடுகிறார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்துப் படம் எடுக்கிறார்கள்.

காலியம் சிதையும்போது பாசிட்ரான் என்ற துகள் வெளிவரும். அது பக்கத்து எலக்ட்ரானைச் சந்தித்ததும் இரண்டும் அழிந்து, எதிரெதிர்த் திசையில் இரண்டு காமாக் கதிர்கள் கிளம்பும். உங்களைச் சுற்றியுள்ள வளையக் கருவி இரண்டையும் பிடித்து ஒரு கோடு போடும். இப்படி லட்சக்கணக்கான கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நோய் இருக்கிறது. கரையில் தெரியும் கோபுரத்தையும் கலங்கரை விளக்கத்தையும் கோடு பிடித்துக் கடலுக்கடியில் பார் என்ற பாறைத்திட்டு இருக்கும் இடத்தைச் சொல்கிறவர் நீங்கள். இந்தக் கணக்கு உங்களுக்குப் புதிதல்ல.

ஆஸ்திரேலியாவில் நோய் பரவும் ஆபத்து அதிகமுள்ள 302 பேரிடம் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டார்கள். 2020-இல் முடிவு வெளியானது. பழைய முறையான சி.டி.யும் எலும்பு ஸ்கேனும் சேர்ந்து 65 சதவீதம் துல்லியம் காட்டின; பி.எஸ்.எம்.ஏ. ஸ்கேன் காட்டியது 92 சதவீதம்.

கேள்வி: எங்க தாத்தா முத்துக்குளித்தவர். ஒரு முத்துக்காக ஆயிரம் சிப்பியை வெட்டுவோம் என்பார். இந்த ஸ்கேன் வந்துவிட்டால் சதை எடுத்துச் சோதிக்கும் வேலை மிச்சமா?
– வாசகர், புன்னக்காயல்

பதில்: மிச்சமில்லை. ஆனால் உங்கள் தாத்தாவின் கவலை மன்னார் வளைகுடாவுக்கே பழைய கவலை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, சிப்பியை வெட்டாமல் எக்ஸ்ரே கொண்டு உள்ளே முத்து இருக்கிறதா என்று பார்க்க இலங்கைப் பக்கம் முயன்றிருக்கிறார்கள். முத்தில்லாத சிப்பியைக் கடலுக்கே திருப்பிவிடலாம் என்பது நோக்கம். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது. வெட்டாமல் பார்க்கும் ஆசை மட்டும் மருத்துவத்தில் தொடர்கிறது.

என்றாலும் 'புற்றுநோய்' என்ற தீர்ப்பை எழுத, திசுவை நுண்ணோக்கியில் பார்த்தே ஆகவேண்டும். ஸ்கேன் செய்வது வேறு உதவி: எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று காட்டித் தேவையில்லாத அறுவையைத் தவிர்க்கிறது.

கேள்வி: ஆன்டிபாடிதான் குறி தவறாத புரதம் என்று படித்தேன். பிறகு ஏன் சின்ன மூலக்கூறைப் பயன்படுத்துகிறார்கள்?
– மாணவி, தூத்துக்குடி

பதில்: நல்ல கேள்வி. முதலில் வந்தது ஆன்டிபாடிதான். 1980களில் அமெரிக்காவில், புராஸ்டேட் புற்றுசெல்களைக் கொண்டு எலியில் 7இ11 என்ற ஆன்டிபாடியை உருவாக்கினார்கள். அதில் இண்டியம்-111 ஏற்றிய மருந்துக்கு 1996-இல் அங்கே அனுமதியும் கிடைத்தது. கோளாறு பிறகுதான் புரிந்தது. அது ஒட்டவேண்டிய இடம் செல்சவ்வின் உள்பக்கம் இருந்தது. உயிருள்ள செல்லுக்குள் ஆன்டிபாடி நுழையாது. செத்து உடைந்த செல்லில்தான் ஒட்டும். தாழ்ப்பாள் உள்ளே இருக்க, சாவியோடு வாசலில் நின்ற கதை.

அதன்பின் வெளிப்பக்கத்தைப் பிடிக்கும் ஜே591 போன்ற ஆன்டிபாடிகள் வந்தன. ஆனால் ஆன்டிபாடி பெரிய உருவம். ரத்தத்தில் நாள்கணக்கில் சுற்றும். ரத்தமே ஒளிர்ந்துகொண்டிருந்தால் நோய் தனித்துத் தெரியாது. அதனால் ஊசி போட்டுச் சில நாள் காத்திருக்க வேண்டும். 78 மணி நேர அரை ஆயுள் உள்ள சிர்கோனியம்-89 போன்ற நிதான அணுக்கள் அதற்குத் தேவை. ஜெர்மனியின் ஹைடல்பெர்கில் உருவான பி.எஸ்.எம்.ஏ.-11 சின்னஞ்சிறு மூலக்கூறு. ஒரு மணி நேரத்தில் ஒட்டவேண்டிய இடத்தில் ஒட்டிவிட்டு, மிச்சம் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். காலையில் ஊசி, மதியம் வீடு.

கேள்வி: அந்த ஊசி மருந்தைத் தூத்துக்குடிக்கே கொண்டுவந்து தரக்கூடாதா?
– உப்பளத் தொழிலாளி, தருவைகுளம் சாலை

பதில்: ஐஸ் பெட்டியை நினைத்துப் பாருங்கள். ஐஸ் உருகுவதற்குள் மீன் கரை சேர வேண்டும். காலியம்-68, 68 நிமிடத்தில் பாதியாகிவிடும். மதுரையிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம் என்றால், இங்கே வந்துசேரும்போது ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஃப்ளூரின்-18-க்கு 110 நிமிடம். அது கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

காலியத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. ஜெர்மானியம்-68 என்ற தாய் அணுவின் அரை ஆயுள் 271 நாள். அதை ஒரு சிறு ஜெனரேட்டரில் வைத்துக்கொண்டு, தேவையானபோது காலியத்தைக் 'கறந்து'கொள்ளலாம். அணு மருத்துவர்கள் இதைப் பசு என்றே சொல்வார்கள். பசு ஒன்று போதாது. பெட் ஸ்கேன் கருவி, கதிர்ப் பாதுகாப்பு அறை, பயிற்சி பெற்ற ஆட்கள் எல்லாம் வேண்டும். தென்கோடி மாவட்டத்துக்காரர்கள் அரசிடம் உரக்கக் கேட்க வேண்டிய வசதி இது.

கேள்வி: ஸ்கேன் முடிந்து வந்து பேரனைத் தூக்கலாமா?
– தாத்தா, வீரபாண்டியன்பட்டினம்

பதில்: அன்றைக்கு வேண்டாம், மறுநாள் தாராளமாக. 68 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாவதால், 11 மணி நேரத்துக்குப் பிறகு ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அன்று நிறையத் தண்ணீர் குடியுங்கள், அடிக்கடி சிறுநீர் கழியுங்கள். கர்ப்பிணிகளிடமிருந்தும் கைக்குழந்தைகளிடமிருந்தும் சில மணி நேரம் விலகி இருங்கள்.

கேள்வி: அணு என்றாலே இந்தப் பக்கம் பயம். அது எப்படி அய்யா மருந்தாகும்?
– வாசகர், ஸ்பிக் நகர்

பதில்: உங்கள் பக்கத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. அணுசக்தித் துறையின் தூத்துக்குடி கனநீர் ஆலை 1978-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதே துறை மும்பை டிராம்பேயில் நடத்தும் துருவா உலை 1985-லிருந்து கனநீரைக் கொண்டே இயங்குகிறது. அந்த உலையில் உருவாவதுதான் லுட்டீசியம்-177. நோயைத் தேடிப்போகும் அதே வகை மூலக்கூறின் முதுகில் காலியத்துக்குப் பதிலாக லுட்டீசியத்தை ஏற்றினால், அது ஒட்டிய இடத்திலேயே பீட்டாக் கதிரை வீசிப் புற்றுசெல்லைத் தாக்கும். டெல்லி எய்ம்ஸ் உட்பட இந்தியாவின் பல மருத்துவமனைகளில் இந்தச் சிகிச்சை நடக்கிறது.

மிகைப்படுத்த விரும்பவில்லை. மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாமல் பரவிவிட்ட நோயுள்ள 831 பேரிடம் நடந்த உலகளாவிய ஆய்வின் முடிவு 2021-இல் வந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 11.3 மாதம்; லுட்டீசியம் சிகிச்சையையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 15.3 மாதம். முற்றிய நோயில் அந்த நான்கு மாதம் ஒரு குடும்பத்துக்குப் பெரிது.

கேள்வி: என் ஸ்கேனில் தாடைக்குக் கீழே பளிச்சென்று தெரிகிறது. அங்கேயும் பரவிவிட்டதா?
– ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர், மில்லர்புரம்

பதில்: உமிழ்நீர்ச் சுரப்பிகள் எல்லோருக்கும் அப்படித்தான் ஒளிரும். கண்ணீர்ச் சுரப்பி, சிறுநீரகம், சிறுகுடலின் தொடக்கமும் ஒளிரும். பெயரில் 'புராஸ்டேட்' இருந்தாலும் அந்தப் புரதம் அங்கேயும் உண்டு. மறுபக்கம், சிலரின் புற்றுசெல்கள் இந்தப் புரதத்தைக் காட்டுவதே இல்லை. அப்போது ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் நோய் இருக்கலாம். படத்தை நாமே பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம். படித்துச் சொல்ல அணு மருத்துவ நிபுணர் இருக்கிறார்.

கேள்வி: எனக்கு 52 வயது. ஒரு தொந்தரவும் இல்லை. நேராக இந்த ஸ்கேனையே எடுத்துவிடட்டுமா?
– வணிகர், காயல்பட்டினம்

பதில்: வேண்டாம். நோய் இருப்பது தெரிந்தபின் அதன் பரவலைப் பார்க்கவும், சிகிச்சைக்குப் பிறகு பி.எஸ்.ஏ. மறுபடி ஏறினால் காரணத்தைத் தேடவும்தான் இந்த ஸ்கேன். டாக்டரிடம் பேசி பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையிலிருந்து தொடங்குங்கள். அது கூடியிருந்தாலே புற்றுநோய் என்று பதறவும் வேண்டாம். சாதாரண வீக்கத்திலும் கிருமித் தொற்றிலும்கூடக் கூடும். அப்பாவுக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் இருந்திருந்தால் உங்களுக்கு ஆபத்து ஏறக்குறைய இரு மடங்கு. அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பா ராத்திரி ஐந்து தடவை எழுந்திரிக்கிறார். கேட்டால் 'வயசாச்சு, விடு' என்கிறார். இடுப்பு வலியையும் மறைக்கிறார். என்ன செய்ய?
– மகள், மணப்பாடு

பதில்: விடாதீர்கள். இரவில் அடிக்கடி எழுவதற்குப் பல நேரம் வயதால் வரும் சாதாரண புராஸ்டேட் வீக்கமே காரணம். அதற்கும் நல்ல மருந்து உண்டு. ஆனால் விடாத இடுப்பு வலியோ முதுகு வலியோ கூட இருந்தால் தள்ளிப்போடக் கூடாது. புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குத்தான் அதிகம் பரவும். சிறுநீரில் ரத்தம் வந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். காலில் திடீரென பலம் குறைந்தால் அன்றைக்கே மருத்துவமனை. செலவுக்குத் தயங்கினால், அரசு மருத்துவமனையில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டப் பிரிவைக் கேளுங்கள்.

அப்பாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: 'ஆழக்கடலுக்குப் பயப்படாத ஆள் ஒரு ரத்தப் பரிசோதனைக்குப் பயப்படலாமா அப்பா?' அவர் அசையாவிட்டால், இந்த வாரமே கையைப் பிடித்து நீங்களே அழைத்துப் போங்கள். காலியமும் லுட்டீசியமும் செல்லைத் தேடிப் போகும். ஆனால் வீட்டில் பேசாமல் படுத்திருக்கும் மனிதரைத் தேடி எந்தக் கருவியும் வராது. அதற்கு மகள்தான் போகவேண்டும்.