தகட்டில் மல்லை

கேள்வி: செங்கல்பட்டில் பழைய சாமான் கடையில் ஒரு செப்புத் தகடு கிடைத்தது. கடற்கரைக் கோயில் படமும் படிக்க முடியாத எழுத்தும் இருக்கின்றன. பல்லவர் செப்பேடா?

பதில்: கண்ணாடி முன் பிடியுங்கள், எழுத்து நேரானால் அது அச்சுத் தகடு. பல்லவர் செப்பேட்டுக்குக் கண்ணாடி வேண்டாம், கிரந்தம் தெரிந்தால் போதும்! படத்தின் கோடுகளை நகத்தால் வருடுங்கள். பள்ளமாக இருந்தால், மை அதில் தங்கித் தாளில் ஏறும் பழைய செதுக்கு வேலை. கோடு மேடாகி, அடியில் மரக்கட்டையும் இருந்தால், அச்சகக்காரர்கள் 'பிளாக்' என்பார்களே, அது. 1792-93இல் தென்னிந்தியாவைச் சுற்றிய தாமஸ், வில்லியம் டேனியல் இருவரும் மல்லையை (மாமல்லபுரத்தை) வரைந்து, லண்டனில் செப்புத் தகடுகளில் ஏற்றி அச்சிட்டார்கள். அந்த வகைத் தகட்டில் மணல் தூவியதுபோல் பொடிக்குழிகள் தெரியும். எதுவானாலும் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், நுண்கோடுகள் மழுங்கிவிடும்! எழும்பூர் அருங்காட்சியகத்தில் காட்டுங்கள்.