இடக்கலையும் நடுக்கலையும்: சென்னை மேற்குப் புறநகரில் விண்டோஸ் ஏற்றம் குறித்த ஓர் ஆய்வு

2025 அக்டோபர் 1, ஆயுத பூஜை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வழக்கம்போல லேத்துக்கு, டிரில்லிங் மெஷினுக்கு, எடைத் தராசுக்கு, வாசலில் நின்ற டாடா ஏஸுக்கு, கடைசியாக அக்கவுன்ட்ஸ் அறைக் கம்ப்யூட்டருக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார்கள். மானிட்டரின் நெற்றியில் ஒரு பொட்டு, சிபியு பெட்டியில் பவர் பட்டனுக்கு மேலே ஒன்று. அதே மாதம் 14-ஆம் தேதி, அந்தக் கம்ப்யூட்டருக்குள் ஓடிக்கொண்டிருந்த விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திக்கொண்டது. வைத்த பொட்டு உதிர்வதற்குள் ஆயுதத்தின் ஆயுள் முடிந்துபோவது ஆயுத வரலாற்றில் அரிது. இதை ஆராயாமல் விடுவது புலமைக்கு அழகல்ல.

ஆய்வு எல்லையை முதலில் வரையறுப்பது மரபு. கிழக்கே பாடி மேம்பாலம், மேற்கே பட்டாபிராம், தெற்கே பூந்தமல்லி டிரங்க் ரோடு. வடக்கெல்லை பற்றி ஐயங்கள் உண்டு; புழல் ஏரியோடு நிறுத்திக்கொள்கிறேன். அதற்கப்பால் போக ஷேர் ஆட்டோ கிடைப்பதில்லை.

கருதுகோள் ஒன்றே: இவ்வட்டாரத்தில் புது விண்டோஸ் ஏற்றுவதன் குறிக்கோள், அது ஏற்றப்பட்டதே தெரியாதபடி செய்வது. ஏற்றுவதற்கு ஆகும் நேரம் ஒரு பங்கென்றால், ஏற்றியதைப் பழையபடி காட்ட ஆகும் நேரம் பல பங்கு.

தகவலாளிகள் மூவகையினர். முதலாவது, முதலாளி, பணம் கொடுப்பவர். இரண்டாவது, பைக்கில் பென் டிரைவோடு வரும் சர்வீஸ் தம்பி, வேலை செய்பவர். மூன்றாவது, அக்கவுன்ட்ஸ் பார்க்கும் அக்கா. வேலை முடிந்ததா இல்லையா என்று தீர்மானிப்பவர் இவர்தான். அக்கா "சரி" என்று சொல்லாதவரை தம்பிக்குப் பணம் வராது என்பது களப்பணியில் உறுதிப்பட்ட உண்மை.

தகுதித் தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும் செக்யூர் பூட்டையும் கேட்கிறது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் சில்லாவது வேண்டும் என்கிறது. 'உங்கள் கம்ப்யூட்டருக்குத் தகுதி இல்லை' என்று திரையில் வந்ததும் முதலாளிக்கு முகம் வாடிவிடுகிறது. பல பெட்டிகளில் டிபிஎம் இருக்கும். பயாஸுக்குள் பிடிடி என்ற பெயரில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். போய் எழுப்பினால் போதும். ஹார்ட் டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் இருந்தால் மட்டும் அவசரப்படக் கூடாது. அதை ஜிபிடிக்கு மாற்றாமல் பயாஸில் யுஇஎஃப்ஐக்குத் தாவினால் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. மாற்றித் தரும் கருவி விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. உண்மையிலேயே தகுதி இல்லாத பெட்டிகளுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கிறது. ஒரு வரலாற்றுப் பிழையையும் இங்கே திருத்தியாக வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டதால் வந்த வேகத்துக்கெல்லாம் விண்டோஸ் 11 பாராட்டு வாங்கிக்கொண்டிருக்கிறது. இதைத் தட்டிக் கேட்க ஆளில்லை.

இனி தலைப்புக்கு வருவோம். 1995-இல் விண்டோஸ் 95 வந்த நாள் முதல் ஸ்டார்ட் பட்டன் திரையின் இடது கீழ் மூலையில் குடியிருந்தது. நடுவில் விண்டோஸ் 8 அதைக் கண்ணிலிருந்து மறைத்துப் பார்த்தது. ஊர் ஏசியதில் மறுபடியும் மூலைக்கே வந்தது. 2021 அக்டோபர் 5-இல் வெளிவந்த விண்டோஸ் 11 அதைத் தூக்கி நடுவில் வைத்தது. அன்று பிறந்தவை இரு கலைகள். பட்டன் இடப்பக்கமே இருக்க வேண்டும் என்போர் இடக்கலையார். கொடுத்தபடி நடுவில் இருக்கட்டும் என்போர் நடுக்கலையார். நாமத்தின் வடிவத்துக்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய மரபு நம்முடையது; பூந்தமல்லிக்குப் பக்கத்திலேயே திருமழிசை இருக்கிறது. டாஸ்க்பாருக்காகப் பிரிவது பெரிய விஷயமில்லை.

நடுக்கலையாரில் பெரும்பான்மையோர் முதலாளிகளின் மகன்கள். "அப்பா, இப்ப எல்லாமே இப்படித்தான்" என்பது அவர்களது மூலச் சூத்திரம். அதற்கு உரையோ விளக்கமோ கிடைக்கவில்லை. இடக்கலையாரின் தலைமைப் பேராசிரியை சந்தேகமின்றி அக்கவுன்ட்ஸ் அக்காதான். ஒருவர் என்னிடம் சொன்ன வாதத்தை அப்படியே தருகிறேன்: "சார், நான் ஒண்ணு ஒண்ணா திறக்கத் திறக்க அது நகர்ந்துட்டே போகுது. காலையில ஒரு இடம், சாயங்காலம் ஒரு இடம்."

இது உண்மை. நடுவில் வைத்த வரிசையில் ஐகான்கள் கூடக் கூட, வரிசையின் தலையிலிருக்கும் ஸ்டார்ட் இடப்பக்கம் தள்ளிப்போகும். டாலி, எக்செல், ஜிஎஸ்டி தளத்துக்குக் குரோம், வாட்ஸ்அப் என்று திறந்தால் பட்டன் ஊர்ந்துவிடும். பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-இல் காட்டியது இதையே: ஓர் இலக்கைத் தொட ஆகும் நேரம், அது இருக்கும் தூரத்தையும் அதன் அகலத்தையும் பொறுத்தது. திரையின் மூலைக்கு மவுஸை எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் அம்பு அதைத் தாண்டிப் போக முடியாது. கண்ணை பில்லில் வைத்துக்கொண்டே கையால் மூலையை இடிக்கலாம். நடுவிலிருப்பதை நிமிர்ந்து பார்த்துத்தான் தொட வேண்டும். அக்கா ஃபிட்ஸைப் படித்ததில்லை. ஃபிட்ஸுக்கு அம்பத்தூர் தெரியாது. முடிவு ஒன்றாகவே இருக்கிறது.

இடக்கலைக்கு மாறும் சடங்கு எளிது. டாஸ்க்பாரில் ரைட் கிளிக், 'டாஸ்க்பார் செட்டிங்ஸ்', 'டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்', 'அலைன்மென்ட்' என்ற இடத்தில் 'லெஃப்ட்'. அதற்குக் கீழேயே ஐகான்களைப் பெயரோடு தனித்தனியே காட்டும் வசதியும் உண்டு. வெளிவந்தபோது விண்டோஸ் 11-இல் இதை எடுத்துவிட்டார்கள். 2023-இல்தான் திருப்பித் தந்தார்கள். நான்கு எக்செல் கோப்புகளையும் ஒரே பச்சைப் பொட்டுக்குள் அடைத்துவிட்டு, எது சம்பளம், எது ஸ்டாக் என்று தேடவைத்த அந்த இரண்டாண்டுகளுக்கு யாரும் நஷ்டஈடு கேட்கவில்லை.

அடுத்தது சாமி படம். இதை அற்பம் என்று ஒதுக்கும் ஆய்வாளர் களத்துக்கு வராதவர். செவ்வாய்க்கிழமை சிறுவாபுரி முருகனைச் சேவித்து வந்தவர் போனில் எடுத்த நெடுக்குப் படம் டெஸ்க்டாப்பில் இருந்தது. ஏற்றம் முடிந்ததும் அங்கே நீல நிறத்தில் துணி மடிப்பு போல ஒரு பூ. படத்தைத் தேடியெடுத்துத் திரும்ப வைக்கும்போதுதான் சோதனை ஆரம்பம். 'ஃபில்' என்றால் படம் திரையின் அகலத்தை நிரப்பும். மேலே கிரீடமும் கீழே மயிலும் போய்விடும். 'ஸ்ட்ரெச்' என்றால் முருகனுக்கு அண்ணனின் உடல்வாகு வந்துவிடுகிறது. 'டைல்' கொடுத்தால் ஆறுமுகத்துக்குப் பதில் வரிசையாகப் பல முருகர். 'ஃபிட்' ஒன்றே சாத்திரத்துக்கு உடன்பாடானது. இருபுறமும் விழும் பட்டைக்குக் கறுப்பு வேண்டாம்; அங்கேயே நிறத்தை மாற்றிப் பச்சை கொடுத்துவிடலாம்.

இதிலிருந்து இடக்கலைக்கு எதிர்பாராத ஆதரவு ஒன்றும் கிடைக்கிறது. 'ஃபிட்' வைத்த படத்தில் நடுக்கலை டாஸ்க்பாரின் ஐகான்கள் சரியாகத் திருவடியில் போய் வரிசைகட்டுகின்றன. அவை சரணாகதி அடைந்தவை என்பது நடுக்கலையார் தரப்பு. குரோம் சரணாகதி அடைந்ததற்கு ஆதாரம் இல்லை.

பிரிண்டர் இயலுக்கு வருகிறோம். சுருக்கமாக முடிக்க முடியாத இயல் இதுதான். ஜிஎஸ்டி விதி 55-இன்படி டெலிவரி சலான் மூன்று படிகள் வேண்டும்: ஒன்று சரக்கைப் பெறுபவருக்கு, ஒன்று வண்டிக்காரருக்கு, ஒன்று அனுப்புபவருக்கு. கார்பன் வைத்த தாளில் ஊசி குத்தினால்தான் அடித்தாள் வரை பதியும். லேசர் பிரிண்டர் மேலே தடவிவிட்டுப் போய்விடும். ஆகவே அம்பத்தூர் எஸ்டேட்டில் இன்றும் டாட் மேட்ரிக்ஸ் கிர்கிர்ரென்று ஓடுகிறது. ஏற்றம் முடிந்த மறுநாள் காலை போன் வருகிறது. "தம்பி, பிரின்ட் குடுத்தா பேரு கேக்குது." வெளியே லோடு ஏற்றிய வண்டி நிற்கிறது, திரையில் ஒரு பெட்டி திறந்து கோப்புக்குப் பெயர் வைக்கச் சொல்கிறது, பிரிண்டர் வாய் திறக்கவில்லை.

காரணம் இது. அக்கா அன்று காலை ஒரு பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்காக 'பிரின்ட் டு பிடிஎஃப்' கொடுத்திருக்கிறார். 'டிஃபால்ட் பிரிண்டரை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும்' என்ற ஏற்பாடு இயக்கத்தில் இருந்தால், கடைசியாக எது பயன்பட்டதோ அதுவே தலைமைப் பிரிண்டர் ஆகிவிடும். அதாவது தாளே இல்லாத ஒரு பிரிண்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. செட்டிங்ஸில் 'பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்' போய் அந்த ஏற்பாட்டை அணைத்துவிட்டு, டாட் மேட்ரிக்ஸைத் திறந்து 'செட் அஸ் டிஃபால்ட்' கொடுத்தால் வண்டி கிளம்பும்.

பிரிண்டர் அடுத்த அறைக் கம்ப்யூட்டரில் மாட்டி ஷேர் செய்யப்பட்டிருந்தால் வேறு நோய். 2021 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைத்ததிலிருந்து 'பதினொன்று பி' என்று முடியும் ஒரு பிழை எண் எட்டிப் பார்க்கத் தொடங்கியது. ஷேர்டு ஃபோல்டருக்கும் அப்படித்தான்: 2024-இன் பதிப்பில், விண்டோஸ் புரோ பாஸ்வேர்டு இல்லாத விருந்தாளியை உள்ளே விடுவதை நிறுத்திவிட்டது. ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரியை மாற்றினால் பூட்டு திறந்துவிடும் என்று யூடியூபில் சொல்வார்கள். திறக்கும், திருடனுக்கும் சேர்த்து. இரண்டு கம்ப்யூட்டரையும் அப்டேட் செய்துவிட்டு, பிரிண்டர் மாட்டியிருக்கும் பெட்டியில் பாஸ்வேர்டோடு ஒரு யூசர் உருவாக்குவது கால் மணி நேர வேலை.

பூந்தமல்லியின் சிக்கல் எழுத்துச் சிக்கல். நீதிமன்றத்தை ஒட்டிய டிடிபி கடைகளில் பத்திரங்களின் மாதிரிகள் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. யூனிகோடு அல்லாத அந்த எழுத்துரு புது விண்டோஸில் இல்லையென்றால், 'கிரயப் பத்திரம்' இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் தாறுமாறாக நிற்கும். கோப்பு கெடவில்லை, பழைய ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து எழுத்துருவை எடுத்துப் போட்டால் தமிழ் திரும்பிவிடும். லதாவின் கதை இன்னும் நுட்பமானது. விண்டோஸ் 2000-இலிருந்து கூடவே வந்த லதாவை, விண்டோஸ் 10 முதல் கேட்டால் மட்டும் கொடுக்கும் துணைப் பொருளாக்கிவிட்டார்கள். லதா இல்லாத இடத்தில் நிர்மலா வந்து நிற்பார். படிக்க முடியும், ஆனால் எழுத்தின் அகலம் வேறு. முத்திரைத்தாளில் அடங்கியிருந்த கடைசி வரி அடுத்த தாளுக்கு ஓடிவிடும். 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' பகுதியில் தமிழ்த் துணை எழுத்துருக்களைச் சேர்த்தால் லதா வந்துவிடுவார். 1999-இல் சென்னைத் தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை இப்போது விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. பழைய டைப்ரைட்டர் முறையில் கை பழகியவர்களுக்கு மட்டும் அழகி, என்எச்எம் ரைட்டர் போன்றவற்றைத் தனியே போட வேண்டும்.

ஆவடியில் மூன்றாவது கலை ஒன்று உண்டு: லினக்ஸ். பின்பற்றுவோர் சிலரே, ஆனால் குரல் பெரியது. பாதுகாப்பு அமைச்சகமே 2023-இல் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட மாயா என்ற இயங்குதளத்துக்கு மாறத் தொடங்கியது அவர்களது பிரமாணம். 2011 செப்டம்பர் 15 அன்று இதே ரயில் பாதையில் திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுக்குப் பக்கத்திலேயே சென்னை சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் இருந்ததை நினைவூட்டுகிறார்கள். வைரஸ் வராது, காசு வேண்டாம் என்ற வாதங்கள் வலுவானவை. டாலி அதில் நேராக ஓடாது என்ற ஒரே எதிர்வாதத்தில் எஸ்டேட் எல்லை வரும்போது அனைத்தும் வீழ்கின்றன.

பழையதற்கே திரும்பிவிடலாம் என்று தோன்றினால் மைக்ரோசாஃப்ட் கொடுக்கும் கெடு பத்து நாள். 'ரெக்கவரி' பக்கத்தில் 'கோ பேக்' என்று இருக்கும். அதன் பிறகு 'விண்டோஸ் ஓல்டு' ஃபோல்டர் தானாக அழிக்கப்பட்டுவிடும். பத்தாம் நாள் காரியம் செய்யும் குடும்பத்தாருக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

வீட்டுக் கம்ப்யூட்டர் வைத்திருப்போர் பதிவு செய்துகொண்டால் விண்டோஸ் 10-க்கான பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை வரும். அவர்கள் பதற வேண்டாம். எஸ்டேட் முதலாளிகளுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். ஜிஎஸ்டிஆர்-1-க்குக் கடைசி நாள் 11, 3பி-க்கு 20. விண்டோஸ் 10 ஓய்வுபெற்ற 14 இந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்தது. அந்த மாதம் 20-ஆம் தேதியே தீபாவளியானதால் கெடுவை 25-க்குத் தள்ளினார்கள், பலர் தப்பினார்கள். ஒவ்வொரு மாதமும் தீபாவளி வராது. 21-ஆம் தேதிக்குப் பிறகு ஒரு நாள் பாருங்கள். அன்று மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். டாலி டேட்டாவைப் பென் டிரைவில் எடுத்து அக்காவின் கையில் கொடுத்துவிட்டுத் தம்பியைக் கூப்பிடுங்கள்.